மூலவர் இன்னும் எழவில்லை

ஏரியூர் பட்டுக்கூடு ஏலச் சங்கத்தின் சர்வர் எட்டு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தது. அதன் மீது எழுந்த முதல் குற்றச்சாட்டே அதுதான்.

காலை ஏழு ஐம்பதுக்கு மேனகா பொத்தானை அழுத்துவாள். அவள் சங்கத்தின் தற்காலிகக் கணினிப் பணியாளர். துப்புரவுப் பணியாளர் குள்ளம்மாள் ஏலக் கூடத்தைப் பெருக்கி முடித்து, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்துவதற்குள் சர்வரில் இருந்த நான்கு நிரல்களும் எழுந்துவிடும். முதலில் கடிகாரம், பிறகு தராசு, பிறகு ஏலம், கடைசியாகச் சீட்டு அச்சடிக்கும் நிரல். எட்டு மணிக்கு விவசாயிகள் கூடுகளைக் கொட்டுவார்கள். எட்டரைக்கு, ரீலர்கள் எனப்படும் நூற்பாளர்கள் விலை கேட்கத் தொடங்குவார்கள்.

நான்கையும் எழுப்பியது பன்னிரண்டு வரிகள் கொண்ட ஒரு கோப்பு. எழுதியவன் சரத். மேனகாவுக்கு முன்னால் அதே நாற்காலியில் ஆறு ஆண்டுகள் தற்காலிகமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது அந்தப் பன்னிரண்டு வரிகளை அச்சடித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனான். அதில் ரகசியம் எதுவும் இல்லை. கடிகாரத்தை எழுப்பு. அது எழுந்ததும் தராசை எழுப்பு. யாராவது எழாவிட்டால் அவர் பெயரைத் திரையில் சொல். இப்படியே போகும். பன்னிரண்டாவது வரி, நிரலின் மொழியிலிருந்து நம் மொழிக்குக் கொண்டுவந்தால், இவ்வளவுதான்: எல்லோரும் எழுந்தாயிற்று, இனி நீ சும்மா இரு.

மாவட்டத் துவக்க மேலாண்மை முகமை என்று ஒன்று இருப்பது சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அதன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. 'தங்கள் நிலையத்தின் இயந்திரம் உரிய மேற்பார்வை இன்றித் தானாகத் துவங்கி வருவது முகமையின் கவனத்துக்கு வந்துள்ளது' என்று கடிதம் சொன்னது. சங்கச் செயலாளர் பூவரசன் அரசுக் கடிதங்களை எழுந்து நின்றுதான் வாசிப்பார். இதற்கு இரண்டு முறை எழுந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை முகமையின் முதுநிலைத் துவக்க அலுவலர் மாதவராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். சர்வருக்குள் புதிய அமைப்பு ஒன்றை ஏற்ற அவருக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதன் பெயர் மூலவர். ஏற்றி முடித்ததும், கேட்டிலிருந்த காவலாளியைத் தவிர மற்ற மூன்று ஊழியர்களையும் நிற்கவைத்து உரையாற்றினார்.

"பழைய கோப்பு என்ன செய்யுது? ஒருத்தர எழுப்புது. அப்புறம் அடுத்தவர எழுப்புது. இதுக்குப் பேரு வரிசை. வரிசைய யார் வேணும்னாலும் போடலாம், அதுல ஒரு கௌரவம் இல்ல. இனிமே இந்த மெஷின்ல எது எழுந்தாலும் மூலவர் எழுப்பித்தான் எழணும். அவர்தான் ஒண்ணாம் நம்பர். கடிகாரத்தையும் அவரே பாத்துக்குவாரு, குறிப்பேட்டையும் அவரே எழுதுவாரு, கதவு, ஜன்னல், பேரு, ஊரு எல்லாம் அவருதான். வேலை செய்யறது மட்டும் மத்தவங்க."

"சாமி, ஒரு சந்தேகம்," என்றாள் குள்ளம்மாள். "எல்லாரையும் மூலவர் எழுப்புறாரு. சரி. மூலவர யாரு எழுப்புறது?"

மாதவராஜ் ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து மூடினார்.

"அது தனிச் சுற்றறிக்கையில வரும்," என்றார்.

புதிய முறைப்படி ஒவ்வொரு நிரலும் எழுவதற்கு முன் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். நான் யார், எனக்கு முன் எழ வேண்டியவர் யார், யார் இல்லாவிட்டால் நான் இல்லை, யார் இருந்தால் நன்றாக இருக்கும். கடைசி இரண்டும் வேறு வேறு பட்டியல்கள். ஒன்று தேவைப் பட்டியல், மற்றது விருப்பப் பட்டியல். தேவை விழுந்தால் தானும் விழ வேண்டும். விருப்பம் விழுந்தால் வருத்தப்பட்டால் போதும்.

"பொண்ணுக்கு ஜாதகம் எழுதற மாதிரி இருக்குது பாப்பா," என்று குள்ளம்மாள் மேனகாவின் காதில் சொன்னாள். "பொருத்தம் பாத்துட்டு எழுப்பாமயே வுட்டுருவாங்களோ?"

திங்கட்கிழமை காலை சென்றாயன் லோடு ஆட்டோவில் வந்தான். நெருப்பூர்ப் பக்கம் ஒரு கொட்டாயில், நாலைந்து வீடுகள் கொண்ட சிற்றூரில், முக்கால் ஏக்கர் மல்பெரி வைத்திருப்பவன். தொண்ணூற்றாறு கிலோ வெண்கூடு. ஏலக் கூடத்தின் நான்கு கம்பித் தட்டுகளில் கொட்டிப் பரப்பினான். ஒரு கூட்டை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினான். உள்ளே புழு கட்டையாக உருண்டது.

"பக்குவமா இருக்குதும்மா," என்றான் மேனகாவிடம். "இருபத்தாறு நாளு. நானும் எங்கூட்டுக்காரியும் மாத்தி மாத்திதான் தூங்கினோம். இருந்த தண்ணிய மல்பெரிக்கு வுட்டுட்டுச் சோளத்தக் காய வுட்டேன். இன்னிக்குப் போட்டுட்டு நல்லா ஒரு தூக்கம் போடணும்."

"இன்னிக்கு மெஷின் புதுசுணா. கொஞ்சம் நேரமாகும்."

"எவ்வளவு வேணும்னாலும் ஆவட்டும், சனிக்கிழமைக்குள்ள போனாச் சரி. அதத் தாண்டுனா உள்ள இருக்கறவன் பூச்சியாயி வூட்ட ஓட்ட போட்டுட்டு வெளிய வந்துருவான். ஓட்டக் கூட்ட எந்த ரீலர் தொடுவான்?"

அது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கூடு என்பது அறுபடாத ஒரே இழை. பூச்சி வெளியே வந்தால் இழை நூறு இடங்களில் அறுந்துபோகும். அதற்குள் கூடு நூற்பாளரிடம் போய், வெந்நீரைப் பார்த்துவிட வேண்டும்.

மேனகா பொத்தானை அழுத்தினாள். கூடத்தின் பெரிய திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் தோன்றி இடமிருந்து வலமாக நகர்ந்தது, பிறகு வலமிருந்து இடமாக. அதன் கீழே எழுத்துகள்: 'துவக்கப் பணி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கழிந்த நேரம் ஒரு நிமிடம் முப்பது விநாடி. வரம்பு: இல்லை.'

பதினொரு மணிக்கும் நட்சத்திரம் நகர்ந்துகொண்டிருந்தது. நூற்பாளர்கள் இரண்டாவது டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

"இதென்னம்மா அங்கியும் இங்கியும் நடக்குது?" என்றான் சென்றாயன்.

"யோசிக்குதுணா."

"எங்கூட்டு மாடும் கட்டுத்தறியில இப்படித்தான் நடக்கும். அதுக்குத் தண்ணி காட்டணும்னு அர்த்தம். இதுக்கு என்ன காட்டறது?"

மாலை நான்கு மணிக்கு மேனகா பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கடிகாரம் சரியான நேரத்தை வெளியிலிருந்து வாங்க இணைய இணைப்புக்காகக் காத்திருந்தது. இணைப்பு, தராசு எழட்டும் என்று காத்திருந்தது. மாதவராஜ் அப்படித்தான் எழுதியிருந்தார், எடை உறுதியாகாமல் எதுவும் வெளியே போகக் கூடாதாம். தராசோ, எடை போட்ட நேரத்தைப் பதிய வேண்டுமே என்று கடிகாரத்துக்காகக் காத்திருந்தது. மூவரும் மூவருக்காகவும் மிகுந்த மரியாதையோடு காத்திருந்தார்கள்.

மாதவராஜுக்குப் போன் செய்தாள்.

"சுற்றா?" அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "ரொம்ப நல்லதும்மா. சுற்று இருந்தா மூலவரே கண்டுபிடிச்சு, யாராவது ஒருத்தர நீக்கிட்டு மத்தவங்கள எழுப்பிருவாரு. அது அவரோட சிறப்பம்சம்."

"யார நீக்குவாரு சார்?"

"அது அவரோட விருப்பம்."

செவ்வாய்க்கிழமை மூலவர் தராசை நீக்கினார். மற்ற மூன்றும் எழுந்தன. ஏலம் நடக்கத் தயாராக இருந்தது, எடைதான் இல்லை. சென்றாயனின் நான்கு தட்டுகளும் பூஜ்ஜியம் கிலோ என்று திரையில் வந்தன. "நேத்து தொண்ணூத்தாறு இருந்துச்சு," என்றான் அவன், தட்டுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தபடி.

புதன்கிழமை கடிகாரத்தை நீக்கினார். தராசு சரியாகச் சொன்னது. சீட்டுகூட அச்சாகி வந்தது. தேதி மட்டும், நேரம் தெரியாத கணினி தானே வைத்துக்கொள்ளும் 1970 ஜனவரி ஒன்று என்றிருந்தது. பூவரசன் பேனாவைத் திறந்து சீட்டின் மேல் கொண்டுபோய், கையை நிறுத்தினார்.

"இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? அப்ப நான் பொறக்கவே இல்லையே."

"தேதிய அடிச்சுட்டுக் கையில எழுதிரலாம் சார்."

"அடிக்கறதுக்கும் நான் பொறந்திருக்கணும்ல?"

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க மேனகா குறிப்பேட்டைத் திறந்தாள். பழைய குறிப்பேடு வெறும் எழுத்துகளாக இருந்தது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். புதியதை மூலவர் தமக்கே உரிய மொழியில் எழுதி முத்திரை வைத்திருந்தார். அவர் விழித்திருந்தால் மட்டுமே அதை வாசிக்க முடியும். அவர் ஏன் விழிக்கவில்லை என்பதும் அதில்தான் இருந்தது. அன்று அவர் முக்கால்வாசி விழித்திருந்ததால் ஒரு வரி தெரிந்தது: 'பணி தோல்வியுற்றது. விவரங்களுக்குக் குறிப்பேட்டைப் பார்க்கவும்.'

"அப்ப நான் மூட்டையக் கட்டி எடுத்துக்கறேன்," என்றான் சென்றாயன். "கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கியாவது கொண்டுபோறேன்."

முடியாது. கூடத்துக்குள் வந்த கூடு வெளியே போவதானால் வெளியேறும் சீட்டு வேண்டும். சீட்டை சர்வர்தான் தர வேண்டும், செயலாளர் அதில் கையெழுத்திட வேண்டும். காவலாளி இதை வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வண்டிகள் போய்வரும் பெரிய கேட்டைப் பூட்டினார்.

அன்று பிற்பகல் மாதவராஜ் நேரில் வந்தார். சர்வரை அவர் பார்க்கவே இல்லை. கூடத்தைச் சுற்றி வந்தார். குள்ளம்மாள் கதவைத் திறப்பதையும், பூவரசன் நாற்காலியில் உட்காருவதையும், மேனகா டீ குடிப்பதையும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கவனித்தார்.

"கோளாறு மெஷின்ல இல்ல," என்றார் கடைசியில். "நான் நினைச்ச மாதிரியேதான். இங்க ஆளுங்க எல்லாம் மேற்பார்வை இல்லாம துவங்குறீங்க. இந்தம்மா தானா வருது, தானா கதவைத் திறக்குது, தானா பெருக்குது. இத யாரு எழுப்பினது?"

"என்னையா?" என்றாள் குள்ளம்மாள். "எங்கூட்டுச் சேவல்."

"சேவல் பதிவு பெற்றதா?"

வியாழக்கிழமை முதல் ஊழியர்களும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்கள். குள்ளம்மாள் கதவைத் திறப்பதற்குச் செயலாளர் வருகை தேவை. செயலாளர் வருகையைப் பதிவதற்குக் கதவு திறந்திருப்பது தேவை. பூவரசன் எட்டிலிருந்து ஒன்பதரை வரை வாசலில் நின்றார். சாவி குள்ளம்மாளின் கையில் இருந்தது. இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மூலவரின் முன்னுதாரணப்படி சுற்றை உடைக்க யாராவது ஒருவரை நீக்கலாம் என்று முகமையிலிருந்து போன் வந்தது. காவலாளி நீக்கப்பட்டார். அவருக்கும் இந்தச் சுற்றுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் கேட்டில் அவர் போட்ட பூட்டு மட்டும் நீக்கப்படவில்லை, சாவி முகமைக்குப் போய்விட்டது.

உள்ளே போன பிறகு அடுத்த விதி. ஒவ்வொருவரும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறியவர் இறந்தவராகக் கருதப்பட்டு, மறு துவக்கத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்படுவார். போய்விட்டு உடனே திரும்பி வர வேண்டும். குள்ளம்மாள் வாயில் வெற்றிலை இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அவள் ஐந்து முறை இறந்து, ஐந்து முறை வீட்டுக்குப் போய், ஐந்து முறை வந்தாள். ஆறாவது முறை மாதவராஜ் வாசலில் நிறுத்தி ஒரு தாளைக் கொடுத்தார். 'குறுகிய காலத்தில் பலமுறை துவங்க முயன்றதால் இவரைத் துவக்குவது நிறுத்தப்படுகிறது.'

"என்ன எழுதியிருக்குது பாப்பா?"

"அடிக்கடி வேலைக்கு வந்தீங்களாம்க்கா. அதனால இனிமே வரக்கூடாதாம்."

குள்ளம்மாள் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எட்டு வருசமா லீவு போட்டா வைவாங்க. இப்ப வந்தா வையறாங்க. நல்லா வையட்டும். எனக்கும் பொழுதுபோவணும்ல."

சென்றாயனும் மாதவராஜைப் பார்க்க வந்தான். தன் பெயரைச் சொன்னான். அவர் கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"நீங்க மறைக்கப்பட்டிருக்கீங்க."

"எங்க சார்? இங்கதான நிக்கறேன்."

"நாலு நாளா காத்திருக்குற கோரிக்கை அமைப்புக்குச் சுமை. அதனால உங்க பேர வெறுமையோட இணைச்சிருக்கு. இனிமே யாரு உங்கள எழுப்பினாலும் வெறுமைதான் பதில் சொல்லும். பயப்படாதீங்க, இது நீக்கம் இல்ல. நீக்கினா ஒருவேளை திரும்ப வந்துருவீங்க."

"சார், நாளைக்கு மறுநாள் பூச்சி வெளிய வந்துரும்."

மாதவராஜ் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "அவசரப்படாதீங்க. எங்க முகமையே நாலு வருஷமா 'துவங்கிக்கொண்டிருக்கிறது'ங்கற நிலையிலதான் இருக்கு. ஆபீஸ் இருக்கு, ஜீப் இருக்கு, அம்பது பேர் இருக்கோம். இன்னும் துவங்கல. நாங்க யாராவது அவசரப்படறமா? துவங்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? ஏதாவது வேலை செய்யணும். துவங்கிக்கிட்டே இருக்குற வரைக்கும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

இதை அவர் மறைத்துச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு சென்றாயன் தட்டிலிருந்து ஒரு கூட்டை எடுத்துப் பிளேடால் நுனியை வெட்டி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் விட்டான். மேனகா எட்டிப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் விரல்நுனி அளவில் ஒரு கூட்டுப்புழு. அதன் தலைப்பக்கம் இரண்டு கரும்புள்ளிகள்.

"கண்ணு கறுத்துருச்சும்மா," என்றான். "பாக்க ஆரம்பிச்சுட்டான். இனி அவன யாரும் நிறுத்த முடியாது." பிறகு கேட்டான், கோபம் இல்லாமல்: "ஏம்மா, போன வாரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

நான்கு நாட்களாக மேனகா சுற்றறிக்கைகளைப் படித்திருந்தாள், பத்திரங்களைத் திருத்தி அனுப்பியிருந்தாள், திருத்தியதற்கு விளக்கம் எழுதியிருந்தாள், விளக்கம் தாமதமானதற்கு மன்னிப்பு எழுதியிருந்தாள். இவ்வளவு பெரிய அமைப்பு தவறாக இருக்காது, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருந்தாள். அந்த இரண்டு கரும்புள்ளிகளைப் பார்த்தபோது தனக்கு எல்லாமே புரிந்துதான் இருக்கிறது என்று தெரிந்தது. அலமாரியைத் திறந்தாள். சரத்தின் காகிதம் மஞ்சளாகியிருந்தது. போன் செய்தாள்.

"பழைய கோப்ப அழிச்சுட்டாங்களா?" என்றான் சரத், ஓசூரிலிருந்து. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"அழிக்கல. ஒதுக்கி வெச்சிருக்காங்க."

"அப்பப் பயமே இல்ல. மெஷின் எழும்போது அதோட அடிப்படை மென்பொருளான லினக்ஸுக்கு ஒரு நொடி வரும் மேனகா. யாரு ஒண்ணாம் நம்பர்னு அது கேக்கும். நாம எதுவும் சொல்லலன்னா பழக்கத்துல மூலவரக் கூப்பிடும். அந்த நொடியில ஒரு பட்டனத் தட்டி வேற பேரு சொன்னா அத எழுப்பும். அவ்வளவுதான். அதுக்குப் பெரியவன் சின்னவன் எல்லாம் கிடையாது. சொன்ன பேர எழுப்பும்."

"எந்தப் பேரச் சொல்றது?"

"அந்தப் பன்னெண்டு வரியத்தான் சொல்லு. எட்டு வருஷமா அதுதான ஒண்ணாம் நம்பரா இருந்துச்சு. யாருக்கும் தெரியல, ஏன்னா அது யார்ட்டயும் சொல்லிக்கல."

"வேலை போயிருமா சரத்?"

"போகும்னுதான் நினைக்கறேன்," என்றான் அவன். மேனகாவுக்கு அவனிடம் பிடித்ததே இந்த மாதிரிப் பதில்கள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கூடத்தில் துடைப்பச் சத்தம் கேட்டது. குள்ளம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களத்தான் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேக்கா."

"நான் பெருக்காம இந்த மெஷின் என்னிக்காவது எழுந்திருக்குதா? எட்டு வருசத்துல ஒரு நாள் சொல்லு."

இதை மறுக்க மேனகாவிடம் சான்று எதுவும் இல்லை. ஏழு ஐம்பதுக்குப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு நட்சத்திரம் வருவதற்கு முன் அந்த ஒரு நொடி வந்தது. விசையைத் தட்டினாள். திரை கறுத்து, ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. வேறு யாருக்காகவும் இல்லை, அவளுக்காக. பழைய கோப்பின் பெயரை எழுதினாள்.

'கடிகாரம் எழுந்தது. தராசு எழுந்தது. ஏலம் எழுந்தது. சீட்டு எழுந்தது.'

நான்கு வரிகள். பிறகு திரை அமைதியாக இருந்தது. குள்ளம்மாள் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

பூவரசன் வந்து திரையைப் பார்த்தார். மேனகாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கேள்வி வந்து, கேட்கப்படாமலே திரும்பிப் போனது. "இன்னிக்குத் தேதி என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். சீட்டில் சரியான தேதி இருந்தது. "அப்ப நான் பொறந்தாச்சு," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். நூற்பாளர்களுக்கு அவரே போன் செய்தார். முகமையில் இருந்த சாவிக்குக் காத்திராமல் கேட்டுப் பூட்டை உடைத்ததும் அவர்தான் என்று பிறகு குள்ளம்மாள் சொன்னாள். அவர் அதை மறுத்துவந்தார்.

சென்றாயனின் கூடுகள் முதல் பெயராக ஏறின. தராசு தொண்ணூற்று மூன்று என்றது. நான்கு நாளில் மூன்று கிலோ காய்ந்திருந்தது. ஒன்பது மணிக்குள் நான்கு தட்டும் விலைபோய், நூற்பாளரின் வண்டியில் ஏறின. தட்டின் மூலையில் ஒரு கைப்பிடிக் கூடு மட்டும் சாக்கில் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சென்றாயன் சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துப் படித்துவிட்டு, கூடத்தின் சுவரோரம் சாக்கை விரித்துப் படுத்து, அங்கேயே தூங்கிப்போனான்.

பதினொரு மணிக்கு மாதவராஜ் வந்தபோது அறுபது பேர் பெயர் பதிந்து ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மூலவர் எழுந்துட்டாரு!" என்று இரண்டு பேரிடம் கை குலுக்கினார். பிறகு தம் கருவியில் மூலவரின் நிலையைக் கேட்டார். அப்படி ஒருவர் இந்த இயந்திரத்தில் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டார். கை குலுக்கிய கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

அனுமதியின்றி ஏலம் நடந்ததற்குச் சாட்சியமாக, மூலையில் மிஞ்சியிருந்த அந்தக் கைப்பிடிக் கூட்டை எடுத்து ஒரு காகித உறையில் போட்டு அரக்கு வைத்தார். கூடு எதற்குச் சாட்சி சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. தூக்கம் கலைந்து எழுந்த சென்றாயன் மட்டும், "பாத்து வையுங்க சார். அதுங்களுக்கு முத்திரை எல்லாம் தெரியாது," என்றான்.

விசாரணை திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, பூவரசனின் அறையில். மேசையில் அரக்கு வைத்த உறை, ஒரு தட்டச்சுத் தாள், மாதவராஜின் நான்கு பேனாக்களில் ஒன்று. குள்ளம்மாளுக்கு அழைப்பு இல்லை. ஆனாலும் வந்து கதவோரம் நின்றாள்.

மாதவராஜ் கோபமாக இல்லை. அதுதான் மேனகாவுக்குச் சிறிது அச்சமாக இருந்தது.

"ஏலம் நடந்ததுல முகமைக்கு மகிழ்ச்சிதாம்மா. அன்னிக்கே அறிக்கை அனுப்பியாச்சு. மாவட்டத்துல முதல் முறையா ஏரியூர்ல மூலவர் வெற்றிகரமா எழுந்தாருன்னு. மேல பாராட்டு வந்துருச்சு. ஒரே ஒரு சின்ன விஷயம்தான் இடிக்குது. அவர் எழல." தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க கீழ கையெழுத்துப் போட்டா எழுந்ததா ஆயிடும்."

மேனகா படித்தாள். 'மேற்படி நாளில் மூலவரே இயந்திரத்தை எழுப்பினார் என்றும், பன்னிரண்டு வரிகள் என எதுவும் இந்நிலையத்தில் இருந்ததில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெற்றாக இருந்தது.

"போடலன்னா?"

"இப்ப நீங்க சங்கத்தோட விருப்பப் பட்டியல்லதான் இருக்கீங்க. நீங்க விழுந்தா நாங்க வருத்தப்பட்டாப் போதும். கையெழுத்துப் போட்டீங்கன்னா தேவைப் பட்டியலுக்கு மாத்திடலாம். நிரந்தரம். பூவரசன் சார்கூட ஒத்துக்கிட்டாரு."

பூவரசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒத்துக்கல," என்றார் ஜன்னலிடம். "சும்மா இருந்தேன். ரெண்டும் வேற."

வெளியே லோடு ஆட்டோக்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ மூட்டையை இறக்கினார்கள்.

"சார்," என்றாள் மேனகா. "எழாதவர எழுந்தாருன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்குக் கூடத்துல கூட்ட வெச்சுக்கிட்டு நிக்கறவங்களுக்கு அவரா வந்து பதில் சொல்லுவாரு?"

"அவங்களுக்கு எதுக்குப் பதில்? திரையில நட்சத்திரம் ஓடுதே, அதப் பாத்துக்கிட்டிருப்பாங்க."

மேனகா பேனாவை எடுத்தாள். மாதவராஜின் தோள்கள் தளர்ந்தன. ஆனால் அவள் கையெழுத்துக்குத் தேவையானதை விட நிறைய நேரம் எழுதினாள். வெற்றாக இருந்த பாதிப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். இரண்டு வருடமாக அலமாரிக் கதவில் பார்த்தது அவளுக்கு மனப்பாடம். நிரலின் மொழியில் எழுதவில்லை. அலுவலருக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதினாள்.

அவள் எட்டாவது வரியில் இருந்தபோது உறை அசைந்தது.

முதலில் காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போன்ற மெல்லிய சத்தம். பிறகு உறையின் ஓரத்தில், அரக்கு இல்லாத பக்கமாக, ஒட்டியிருந்த மடிப்பு ஈரமாகி விரிந்தது. வெள்ளையாக, இறக்கைகள் இன்னும் கசங்கிய நிலையில், ஒரு பூச்சி வெளியே வந்தது. மேசையின் மேல் நின்று நடுங்கி, இறக்கைகளை உலர்த்தியது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது, மாதவராஜின் பேனாக்கள் இருந்த பையை நோக்கி நடந்தது.

மாதவராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"இத யாரு துவக்கினது?"

இரண்டாவது பூச்சியும் இறக்கையை விரித்தது.

"சீல் வெச்சிருக்கேன். நான் அனுமதி குடுக்கல. யாரு துவக்கினதுன்னு கேக்கறேன்!"

"அதுகளுக்கும் ஆளுக்கொரு தாளு குடுங்க சாமி," என்றாள் குள்ளம்மாள் கதவோரத்திலிருந்து. "எழுதிக் குடுத்துட்டு உள்ள போயி, திரும்பி வரட்டும்."

பூவரசன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அவர் முதுகு குலுங்கியது.

மேனகா எழுதி முடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பத்தொன்பது. பேனாவை மூடி அதன் உரிமையாளர் பக்கம் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க? விசாரணை இன்னும் முறைப்படி துவங்கல."

"அது துவங்கிக்கிட்டே இருக்கட்டும் சார். எட்டு மணிக்கு ஆளுங்க நிக்கறாங்க."

அவள் போய்விட்டாள். பின்னாலேயே குள்ளம்மாளும் துடைப்பத்தோடு போனாள். மாதவராஜ் தாளைத் தம் பக்கம் திருப்பினார். பன்னிரண்டு வரிகளை ஒழிக்க ஒரு வாரமாகப் பாடுபட்டவர் அவற்றை வாசிப்பது இதுதான் முதல் முறை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பதினொன்று வரை ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பன்னிரண்டாவது வரியின் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அவர் ஊதினார். அது சிறிது நகர்ந்து, பழுப்பாக ஒரு சொட்டைக் கையெழுத்துக்கான இடத்தில் விட்டது.

'எல்லோரும் எழுந்தாயிற்று. இனி நீ சும்மா இரு.'

"இது யாரச் சொல்லுது?" என்று பூவரசனிடம் கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர சார்," என்றார் பூவரசன்.

அடுத்த அறையில் பொத்தான் அழுந்தும் சத்தம் கேட்டது. கூடத்தில் குள்ளம்மாள் பெருக்கும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்து நின்றது. துடைப்பம் கதவுக்குப் பின்னால் சாய்ந்தது. தராசு எழுந்து ஒரு முறை கூவியது.